தோவனுக்குத் திக்கல் போன வாரம்

ஜெயந்தி என் பக்கம் கையை நீட்டினாள்.

கம்பம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை அது. ஞாயிற்றுக்கிழமை மதியம். பெஞ்சுகளை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். மேற்கே மலைப் பக்கமிருந்து சாரல் அடித்து ஜன்னல் கம்பிகள் நனைந்துகொண்டிருந்தன. ஒரு ஸ்டூல் மேல் கூடை நிறையப் பன்னீர் திராட்சை. யாரும் அதைத் தொடவில்லை. சண்டைக்கு வந்திருந்தோம் அல்லவா, திராட்சைக்கு யாருக்கு மனசு வரும்?

சிராஜ் தன் போனை ஸ்டாண்டில் பொருத்தி, வீடியோ ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, "அடுத்து நசீமா அக்கா சொல்லுவாக" என்றான்.

ஜெயந்தி கை நீட்டியது என் போனுக்காக. நான் சொல்ல நினைப்பதை அதில் தட்டச்சு செய்து வைத்திருப்பேன். அவள் எழுந்து நின்று, பள்ளிக்கூட டீச்சர் குரலில், கணீரென்று வாசிப்பாள். இரண்டு வருஷத்துக்கு மேலாக அதுதான் எங்கள் ஏற்பாடு.

நான் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"என்னடி, டைப் பண்ணலயா?" என்று காதோரம் கேட்டாள்.

தலையை ஆட்டிவிட்டு எழுந்து நின்றேன்.

எனக்குத் திக்கல் உண்டு என்பது நான் எழுதும் இந்தக் கட்டுரைத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்தில் வீடு, கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அந்த அறையில் இருந்த இருபது பேரும் என்னை வருஷக்கணக்கில் பார்த்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் என் குரலைக் கேட்டதே இல்லை.

யார் அந்தத் தோவன்?

'வளையத்துக்கு அப்பால்' என்றொரு அறிவியல் புனைகதைத் தொடர். வெளிநாட்டில் எடுத்தது, தமிழில் குரல் கொடுத்து வெளியிடுகிறார்கள். பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு நிலவிலிருந்து இன்னொரு நிலவுக்குப் போகும் ஓட்டைக் கப்பல் ஒன்று. அதில் ஏழெட்டுப் பேர். கேப்டன் இசோல் என்கிற பெண்தான் கதாநாயகி. அவளுக்குத்தான் சண்டை, காதல், போஸ்டர் எல்லாம். தோவன் அந்தக் கப்பலில் வயர்லெஸ் பார்க்கிறவன். ஒரு எபிசோடில் நாலு காட்சி வந்தால் பெரிது.

அவனுக்குத் திக்கல்.

நம் படங்களில் திக்குவாய் என்றால் சிரிப்புக்கு. முதல் எழுத்தை நாலு தடவை சொல்ல வைப்பார்கள், பக்கத்தில் இருப்பவன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவான், தியேட்டர் சிரிக்கும். நானும் அந்த இருட்டில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே.

தோவனுடைய திக்கல் அப்படி இல்லை. வார்த்தை வராது. அவ்வளவுதான். வாய் திறந்திருக்கும், தொண்டை அடைத்திருக்கும், சத்தமே இருக்காது. கண் மட்டும் கொஞ்சம் ஓரமாகப் போகும். அவனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் யாரென்று தெரியாது. அவர் அந்தச் சத்தமில்லாத இடத்தை அப்படியே விட்டிருந்தார், மூச்சு மட்டும் கேட்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது தெரிந்தவர் செய்த வேலை என்று நினைத்தேன்.

இரண்டாவது சீசனில் ஒரு காட்சி. கப்பல் ஒரு நிலையத்துக்குள் நுழைய வேண்டும். கதவு திறக்க ரகசியச் சொல்லை வாயால்தான் சொல்ல வேண்டும், அதுவும் தோவன் குரலில்தான். பின்னால் துரத்தி வருகிறார்கள். தோவன் மைக் முன்னால் நிற்கிறான். வார்த்தை வரவில்லை. கப்பலே நடுங்குகிறது. கேப்டன் அவன் பக்கத்தில் வந்து நிற்கிறாள். "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. தோளில் கை வைக்கவில்லை. சும்மா நிற்கிறாள். மற்றவர்களும் நிற்கிறார்கள். அவன் சொல்லி முடிக்கிறான். கதவு திறக்கிறது.

நான் அப்போது இடியாப்பத்தைப் பிட்டு வாய்ப்பக்கம் கொண்டுபோயிருந்தேன். காட்சி முடிந்து பார்த்தால் கை அப்படியே நின்றிருந்தது. தேங்காய்ப்பால் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது.

நான் வாங்கிய டிக்கெட்டுகள்

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

'உ' என்கிற எழுத்து எனக்கு எதிரி. அதற்கு அடுத்த எதிரி 'ந'. பிறந்தது உத்தமபாளையம், வைத்த பேர் நசீமா. அத்தாவும் அம்மாவும் யோசித்துச் செய்த காரியம் இல்லை, பாவம்.

காலேஜ் படித்த நாளில் கம்பத்திலிருந்து வீட்டுக்குப் பஸ் ஏறுவேன். கண்டக்டர் பக்கத்தில் வருவார். 'உத்தமபாளையம்' வராது. 'சின்னமனூர்' வரும். அதனால் சின்னமனூருக்கு டிக்கெட் வாங்கி, முன்னாலேயே உத்தமபாளையத்தில் இறங்கிவிடுவேன். "சின்னமனூர்னு சொன்ன?" என்று ஒரு கண்டக்டர் கேட்டார். தலை வலிக்கிறது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

இப்படியே பழகிவிட்டது. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, சொல்ல முடிந்ததைச் சொல்வது. ஹோட்டலில் ஊத்தப்பம் தின்ன ஆசையாக இருக்கும், தோசை கேட்பேன். கல்யாண வீட்டில் பேர் கேட்டால் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்ப்பேன்.

தேனிக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் கொஞ்ச காலம் போனேன். நல்ல மனிதர். மூச்சுப் பழக்கம் சொல்லிக் கொடுத்தார். அவர் அறைக்குள் இருக்கும்வரை நன்றாகப் பேசுவேன். படி இறங்கினால் பழைய கதைதான். வண்டிச் செலவும் அலைச்சலும் சேர்ந்து, ஒருநாள் போகாமல் விட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஜெயந்தி

தொடருக்கு ரசிகர் வாட்ஸ்அப் குழு ஒன்றை ஆரம்பித்தவன் சிராஜ். கம்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் 'வளையத்துக்கு அப்பால் பாக்கறீகளா' என்று கேட்டுக் கேட்டே ஆள் சேர்த்தான். கூடலூரிலிருந்து தேவதானப்பட்டி வரைக்கும் ஆள் இருந்தது. மாதம் ஒருமுறை நேரில் கூடுவோம்.

முதல் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் ஜெயந்தி. சின்னமனூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எல்லாரும் வரிசையாகத் தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை நெருங்கியது. போனில் என் பேரை அடித்து, அவள் முன்னால் நீட்டினேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "இவுக நசீமா, உத்தமபாளையம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, நிம்மதியில்.

அதன்பின் எனக்காக எல்லாமே அவள்தான் பேசினாள். கேஸ் புக்கிங், பேங்க், பல் டாக்டர். நான் குழுவில் எழுதுவதைக் கூட்டத்தில் வாசிப்பாள். நன்றாகவே வாசிப்பாள். சில சமயம் நான் எழுதாத ஒரு வரி நடுவில் வந்து போகும். என் வரியைவிட அது அழகாகவும் இருக்கும். கைதட்டுவார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்வேன்.

அந்த எபிசோடு

ஐந்தாவது சீசன் முதல் எபிசோடு. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் தோவன் கழுத்தில் நகம் அளவுக்கு ஒரு கருவியை வைக்கிறார்கள். நீல வெளிச்சம் வருகிறது. தோவன் வாயைத் திறக்கிறான். மூச்சு விடாமல் நாலு வாக்கியம். தண்ணீர் மாதிரி.

எபிசோடு முடிவதற்குள் குழு தீப்பிடித்தது.

"நம்ம தோவனக் கொன்னுட்டானுக" என்று எழுதினான் சிராஜ். "கொறை இருக்கவன் ஜெயிக்கணும்னா மொதல்ல கொறையத் தூக்கணுமாம். அப்ப இத்தன நாளா அவன் யாரு?"

சுருளிப்பட்டி பாண்டி அண்ணன் பதில் போட்டார். திராட்சைத் தோட்டக்காரர். மோட்டார் ரூமில் கட்டில் போட்டு எல்லா சீசனையும் இரண்டு தடவை பார்த்தவர். அவர் எழுதுவதில்லை, குரல் பதிவுதான். "ஏலே சிராஜு, ஒருத்தனுக்குச் சொகமாயிருக்கு. அதுக்குப் போயி எழவு வீடு மாதிரி அழுகுற. ஒனக்குச் சளி பிடிச்சா மாத்திர திங்க மாட்டியாலே?"

ஒரு வாரம் முழுக்க இதுதான். ஒருவரை ஒருவர் பேர் சொல்லித் திட்டும் அளவுக்குப் போய், சிராஜ் பாண்டி அண்ணனைக் குழுவிலிருந்து நீக்கினான். அவரோடு ஆறேழு பேர் தாங்களாகவே வெளியேறினார்கள்.

நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எனக்கே என்ன தோன்றுகிறது என்று தெரியாததுதான். ஆனால் என் பேர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"நசீமா அக்காவுக்கு இதப் பாத்தா எம்புட்டு வலிக்கும், யோசிச்சீகளா?" இது சிராஜ்.

"அந்தப் புள்ளைட்டயே கேளு. அந்த மெஷினக் குடுத்தா வேணாம்னா சொல்லும்?" இது நீக்கப்படுவதற்கு முன் பாண்டி அண்ணன்.

கடைசியில் ஜெயந்தி போட்டாள்: "நசீமா மனசு ஒடஞ்சு போயிருக்கா. தயவுசெஞ்சு இதோட நிறுத்துங்க."

அதை லேபில் டீ குடிக்கும்போது படித்தேன். எனக்கு மனசு உடையவில்லை. அன்று காலை எழுந்து, குளித்து, புட்டு தின்று, ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்கு வந்திருந்தேன். நான் சொல்லாததை நான் சொன்ன மாதிரி ஆக்கியிருந்தாள். அவள் கெட்டது நினைத்துச் செய்யவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரிக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்களும் அழும் முகங்களும். இருபது பேர் எனக்காகத் துக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயந்திரம் அந்த எபிசோடை மறுபடி பார்த்தேன். மறுநாள் அடுத்த எபிசோடு. அதற்குப் பிறகு வாரா வாரம் வந்த எபிசோடுகள். அப்புறம் பழைய சீசன்களிலிருந்து தோவன் வரும் காட்சிகளை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. அதை நானேதான் சொல்ல வேண்டும் என்றும் புரிந்தது.

ஆறாவது எபிசோடு வந்த பிறகு சிராஜ் சமாதானக் கூட்டம் போட்டான். பாண்டி அண்ணனையும் அவரோடு போனவர்களையும் கூப்பிட்டிருந்தான். எல்லாரும் பேசட்டும், வீடியோ எடுத்து இணையத்தில் போடலாம் என்பது ஏற்பாடு.

நான் ஒத்திகை பார்க்கவில்லை. பார்த்தால் பயம்தான் கூடும் என்று எனக்குத் தெரியும்.

மாடி அறையில்

எனக்கு முன்னால் பேசியது பாண்டி அண்ணன். திராட்சைக் கூடை அவர் கொண்டுவந்தது.

"எங்க ஆத்தாவுக்கு வாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு" என்றார். "கடேசி வரைக்கும் என்னமோ சொல்ல வந்துச்சு. என்னன்னு எனக்குத் தெரியவே இல்ல. அந்தத் தோவன் பய வாயத் தொறந்து பேசுனப்ப நான் மோட்டார் ரூம்ல உக்காந்து அழுதேன். தப்புன்னு சொல்றவுக சொல்லிக்கங்க."

சிராஜ் தரையைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டான்.

நின்றேன். வலது கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்தினேன்.

"அக்கா, வீடியோவ நிப்பாட்டவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

இங்கே நான் என் திக்கலை எழுத்தில் காட்டப்போவதில்லை. எழுத்தை உடைத்து உடைத்துப் போட்டால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வார்த்தையே 'தோவன்'. அது வரவில்லை. வாய் திறந்தபடி நின்றேன். ஃபேன் சுற்றியது. கீழே குமுளி பஸ்காரர் ஆள் கூப்பிட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா, "தோவன்" என்று எடுத்துக் கொடுத்தார், உதவியாக. நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஜெயந்தியின் உதடு என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. அவளைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த வாய்ப்பாட்டைப் பார்த்தேன்.

வந்தது.

"தோவனுக்கு வச்ச மெஷினு எனக்குக் கெடச்சா நான் போட்டுக்கிருவேன். யோசிக்கக்கூட மாட்டேன்."

சிராஜ் முகம் சுருங்கியது. "நான் சொன்னேன்ல" என்று பாண்டி அண்ணன் தொடையில் தட்டினார்.

நான் கையை உயர்த்தினேன். முடிக்கவில்லை என்று அர்த்தம். அவர் கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆனா அவனுக்குச் சரியானதுக்கு அப்புறம் அவன்ட்ட யாராச்சும் எதையாச்சும் கேட்டாகளா? பாத்தீகளா நீங்க? நான் திரும்பத் திரும்பப் பாத்தேன். முன்னாடி அவன் பேச ஆரம்பிச்சா கேப்டன் நிப்பாக. கப்பலே நிக்கும். இப்ப அவன் பேசுறப்ப கேப்டன் நடந்துக்கிட்டே இருக்காக. அவனுக்கு வசனமும் இல்ல. 'சரி கேப்டன்', 'வந்தாச்சு கேப்டன்'. இம்புட்டுத்தான். திக்கல் போனதுக்கு எனக்கு வருத்தமே கெடையாது. அதோட சேத்து அவன் பேச்சையும் எடுத்துட்டாக. அதுக்குத்தான் எனக்குக் கோவம்."

நடுவில் இரண்டு இடத்தில் நன்றாக அடைத்துக்கொண்டது. ஒரு தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது அழுகை இல்லை, அழுத்தம். துடைக்காமல் தொடர்ந்தேன்.

"நீங்களும் அதத்தான் பண்ணுனீக. ரெண்டு பக்கமும் என்னய வச்சுத்தான் பேசுனீக. வலிக்கும்னீக, வேணும்னீக, மனசு ஒடஞ்சுருச்சுன்னீக. என்ட்ட ஒருத்தரும் கேக்கல. நான் பேச நேரமாகும். ஆனா பேசுவேன். இருந்து கேட்டுட்டு அப்பறம் சண்ட போடுங்க."

உட்கார்ந்தேன்.

யாரும் கைதட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பாண்டி அண்ணன் தொடையிலிருந்து கையை எடுத்தார்.

"அது செரிதான் தங்கச்சி. அவனுக்குச் சொகமான சந்தோசத்துல நான் அத கவனிக்கல" என்றார். பிறகு, "ஆனாலும் அடுத்தடுத்த எபிசோடுல வசனம் குடுப்பாகன்னு நெனக்கேன். இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு?"

"குடுக்க மாட்டானுகண்ணே" என்றான் சிராஜ். "ஆறு எபிசோடு போயிருச்சு."

அங்கிருந்து விவாதம் மறுபடி சூடு பிடித்தது. கேப்டன் நடந்துகொண்டே பேசும் காட்சியை ஒருவர் போனில் போட்டுக் காட்டினார். பாண்டி அண்ணன் போனை வாங்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தார். எப்போது என்று தெரியவில்லை, திராட்சைக் கூடை பாதியாகியிருந்தது. கூட்டம் கலைவதற்குள் சிராஜ் அவரை மறுபடி குழுவில் சேர்த்துவிட்டான்.

ஜெயந்தி அதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வெட்டாத வீடியோ

வீடியோ போடும் முன் சிராஜ் கடைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, நடுவுல பேச்சு நிக்கிற எடத்த மட்டும் வெட்டிரவா? பாக்கறவுக தள்ளிவிட்டுட்டுப் போயிருவாக. நீங்க சொன்னது நல்ல பாயிண்டு, எல்லாரும் கேக்கணும்."

"தள்ளிவிடுறவுக தள்ளிவிடட்டும்" என்றேன். அதைச் சொல்லவே நேரமாயிற்று. அவன் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு காத்திருந்தான். "வெட்டாத."

வெட்டவில்லை. கேலி செய்தவர்கள் கேலி செய்தார்கள். ஒருவன் தன் நண்பனின் பேரைப் போட்டு, 'அப்படியே உன்ன மாதிரியே பேசுறாக' என்று எழுதிச் சிரித்திருந்தான். சிராஜ் அழித்துவிடுகிறேன் என்றான். இருக்கட்டும் என்றேன். இதைவிட அதிகமாக நேரிலேயே பார்த்தவள் நான். கடமலைக்குண்டிலிருந்து ஒருவர், "முழுசா பாத்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயந்தியிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்திருந்தாள், பதில் போடவில்லை. மறு மாதக் கூட்டத்துக்கு வரவில்லை. என் பக்கத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. அவளை அவமானப்படுத்திவிட்டேன் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வருத்தம் இருந்தது. ஆனால் செய்ததைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் அதையேதான் செய்வேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்தே சுமந்தேன்.

ஒரு போன்

சீசனின் கடைசி எபிசோடு வந்த அன்று. பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். போன் அடித்தது. ஜெயந்தி.

எனக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். அவளும் செய்ததில்லை. எங்களுக்குள் எல்லாமே தட்டச்சுத்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"கட் பண்ணி மெசேஜ் போடாத" என்றாள் எடுத்த எடுப்பில். "பேசு. நான் வைக்க மாட்டேன்."

'ஜெயந்தி' என்று கூப்பிட வாய் திறந்தேன். வரவில்லை. அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. பேர் வந்த பிறகு, "ம்" என்றாள்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவந்தான். அம்புட்டுப் பேரு முன்னாடி ஜிப்ப இழுத்து மூடுனீயே. என்ட்ட தனியா சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்."

"நான் சேத்து வாசிச்ச வரியெல்லாம் ஒனக்குப் பிடிக்கலயா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நான் எழுதுனது இல்லயே."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி, அத விடு. நான் போன் பண்ணுனது அதுக்கு இல்ல. நீ அன்னைக்குச் சொன்னது தப்பு. கடைசி எபிசோடு பாத்தியா? தோவன் கப்பல விட்டுப் போறான்ல. அவனுக்கு வசனம் கொறஞ்சது கேப்டன் மதிக்காததால இல்லடி. அவனே பேச மாட்டேங்குறான். இத்தன வருசம் இவுகளுக்காகப் பேசியே ஓஞ்சு போனவன். இப்ப அவனா வாய மூடிக்கிறான். எனக்கு அது பிடிச்சிருக்கு."

நான் அசந்துபோனேன். இரண்டு வருஷமாக என் கருத்தை ஊருக்கு வாசித்தவள், தனக்கென்று தோவனைப் பற்றி ஒரு கருத்து வைத்திருந்தாள். நான் அதை ஒருநாளும் கேட்டதில்லை. அதைவிட, அது சுத்தத் தப்பு.

"இல்ல" என்றேன். "கிடையவே கிடையாது. மூணாவது எபிசோட எடுத்துக்க." 'மூணாவது' என்னைப் பாடாய்ப் படுத்தியது.

"மூணாவதுல என்ன? அதுலதான் அவனே தலையத் திருப்பிக்கிறான்."

"திருப்பல. வெளிச்சம் மாறுது. கேமரா நகருது."

"கேமராவாம். ஏண்டி, நான் மூணு தடவ பாத்தேன்."

"நான் அஞ்சு தடவ."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். என் காதில் போன், என் குரல் உயர்ந்திருக்கிறது. "யாருட்டம்மா சண்ட போடுற?" என்று கேட்டார். ஜெயந்தி என்று சைகை காட்டினேன். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ஜெயந்தி இரண்டாவது சீசனுக்குப் போனாள். நான் நான்காவதற்கு இழுத்தேன். தோவன் எதற்காகக் கப்பலை விட்டுப் போகிறான் என்பதில் ஒருவரை ஒருவர் விடவில்லை. அவள் நடுவில் இரண்டு தடவை என் வார்த்தையை முந்திச் சொன்னாள், இரண்டும் தவறான வார்த்தை. நான் நிறுத்தி, என் வார்த்தையைச் சொல்லி முடித்தேன்.

"அப்ப நீ ஒத்துக்க மாட்ட" என்றாள் கடைசியில்.

"நான் இன்னும் முடிக்கல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சரி, முடி" என்றாள்.